ஒரு நாட்டின் கரியமில வாயுவுக்குக் கணக்குப் போடுவது எப்படி? டன்னிலிருந்து டாலர் வரை

2020-இல் இந்தியா நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றின் வழியாக வெளிவிட்ட கரியமில வாயு சுமார் 240 கோடி டன். ஊரடங்கு வருடம் என்பதால் முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு. இந்த 240 கோடி டன்னால் உலகத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், உலக வங்கி பயன்படுத்திய விலையில் சுமார் 10,000 கோடி டாலர் வருகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் இறுதி செய்த விலையில் 45,600 கோடி டாலர். இரண்டிலும் டன் ஒன்றுதான். ஒரு டன்னுக்கு என்ன விலை என்பதுதான் வேறு.

அந்த விலை எங்கிருந்து வருகிறது, அதை வைத்து ஒரு நாட்டின் கணக்கை வருடவாரியாக எப்படிப் போடுவது என்பதை இந்தியாவை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். ஒரு எக்செல் தாளும் பெருக்கல், வகுத்தலும் போதும். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அதை மறைக்காமல் எழுதி வையுங்கள். என்ன முடிவு எடுத்தோம் என்று சொல்லாமல் வெளியிடும் எண்ணை நம்புவதற்கு வழியே கிடையாது.

படி 1: எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்?

‘ஒரு நாட்டின் உமிழ்வால் ஏற்படும் பொருளாதார நஷ்டம்’ என்று சொல்லும்போது மூன்று விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஒரு நாடு விடும் புகையால் உலகம் முழுவதும் ஏற்படும் சேதம் ஒன்று. உலகம் முழுவதும் விடும் புகையால் அந்த ஒரு நாடு படும் சேதம் இன்னொன்று. புகையைக் குறைக்க ஆகும் செலவு மூன்றாவது. மூன்றுக்கும் கணக்கு வேறு.

முதல் இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதை 2018-இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் கேத்தரின் ரிக்கியும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை காட்டியது. உலகில் எங்கே ஒரு டன் வெளியானாலும் அதனால் ஒவ்வொரு நாட்டின் தலையில் விழும் பங்கு எவ்வளவு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பட்டியலில் முதலிடம் இந்தியாவுக்கு, டன்னுக்கு 86 டாலர். அமெரிக்காவுக்கு 48 டாலர். ஏற்கெனவே வெப்பமான நாடு, வயலிலும் கட்டட வேலையிலும் வெயிலில் நிற்கும் கோடிக்கணக்கான மக்கள் என்றால் பங்கு அப்படித்தான் விழும்.

இந்த வழிகாட்டியில் போடப்போவது முதல் கணக்கு: இந்தியாவின் புகையால் உலகத்துக்கு வரும் சேதம்.

படி 2: டன்களைச் சேகரியுங்கள்

இது சுலபமான படி. குளோபல் கார்பன் புராஜெக்ட் ஒவ்வொரு நாட்டுக்கும் பல பத்தாண்டுகளின் எண்களை இலவசமாகத் தருகிறது. ஐரோப்பிய ஆணையத்தின் எட்கார் தரவுத்தளமும் உண்டு. இந்தியாவின் எண்களை முழுதாக்கினால் இப்படி வரும்: 1990-இல் 58 கோடி டன், 2000-இல் 98 கோடி, 2010-இல் 168 கோடி, 2020-இல் 240 கோடி.

கோப்பைத் திறந்ததும் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, அலகு. சில அட்டவணைகள் கார்பனின் எடையைத் தரும், சில கரியமில வாயுவின் எடையைத் தரும். 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு. ஆகவே கார்பன் எடையிலிருந்து கரியமில வாயு எடைக்குப் போக 3.67-ஆல் பெருக்க வேண்டும். விலைக்கும் இதே சிக்கல் உண்டு. உலக வங்கி முன்பு பயன்படுத்திய விலை ஒரு டன் கார்பனுக்கு 20 டாலர். அதை 3.67-ஆல் வகுத்துக் கரியமில வாயுவுக்கு மாற்றினால் ஐந்தரை டாலர்கூட இல்லை. இதைக் கவனிக்காமல் பெருக்கினால் விடை கிட்டத்தட்ட நான்கு மடங்கு தப்பும், பார்வைக்கு அது தப்பு என்றே தெரியாது.

இரண்டாவது, எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்பது. பெரும்பாலான நாட்டுப் பட்டியல்களில் எரிபொருளும் சிமென்டும் மட்டுமே இருக்கும். காடழிப்பு தனி வரிசை. நாடு விட்டு நாடு செல்லும் விமானமும் கப்பலும் எந்த நாட்டின் கணக்கிலும் வராது. மாட்டுத் தொழுவத்திலும் நெல் வயலிலும் வரும் மீத்தேனுக்கு வேறு விலை, வேறு கணக்கு.

மூன்றாவது, உற்பத்தியா நுகர்வா என்பது. பிரிட்டனின் உமிழ்வு 1990-இல் சுமார் 60 கோடி டன்னாக இருந்து 2022-இல் சுமார் 32 கோடியாகக் குறைந்தது. வெளிநாட்டில் செய்து அங்கே இறக்குமதியாகும் பொருள்களின் புகையைச் சேர்த்தால் அந்தக் குறைவு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. இந்தியாவுக்கு இது தலைகீழ்: இங்கே எரியும் நிலக்கரியில் ஒரு பகுதி வெளிநாட்டுக்காரர் வாங்கும் இரும்பாகவும் துணியாகவும் போகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

இவ்வளவு பெரிய எண்கள் மனதில் நிற்கவில்லை என்றால் வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு என்றால் வருடத்துக்கு சுமார் 1.7 டன். 2020-இல் இந்தியாவின் தலைக்கு உமிழ்வும் அதே 1.7 டன்தான்.

படி 3: ஒரு டன்னின் விலை எப்படிப் பிறக்கிறது?

இந்த விலையைக் கார்பனின் சமூகச் செலவு என்கிறார்கள். இன்று கூடுதலாக ஒரு டன் வெளியானால் இன்றிலிருந்து பல நூறு வருடங்களில் அதனால் வரும் சேதம் முழுவதையும் இன்றைய பணத்தில் சொன்னால் எவ்வளவு என்பதே அது. நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலி. முதலில் அந்த டன் காற்றில் எவ்வளவு காலம் தங்கும். அடுத்து அதனால் வெப்பம் எவ்வளவு ஏறும். அந்த வெப்பத்தால் விளைச்சல், உயிரிழப்பு, மின்சாரச் செலவு, கடலோரம் ஆகியவற்றில் என்ன நஷ்டம். கடைசியாக, வருங்கால நஷ்டத்துக்கு இன்றைய மதிப்பு என்ன.

இந்தச் சங்கிலியை முதலில் முழுமையாகக் கோத்தவர்களில் ஒருவர் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் நார்ட்ஹாஸ். 1990-களின் தொடக்கத்தில் அவர் அமைத்த டைஸ் என்ற கணக்கு மாதிரி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 2018-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விலை அரசாங்கக் காகிதத்துக்குள் வந்ததற்கு ஒரு வழக்கும் காரணம். அமெரிக்காவில் வாகன மைலேஜ் விதியின் லாப நஷ்டக் கணக்கில் கரியமில வாயுவுக்கு எந்த மதிப்பும் போடாமல் விட்டிருந்தார்கள். 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மதிப்பு இவ்வளவுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் இருக்கலாம், ஆனால் பூஜ்யம் என்று சொல்ல முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. இந்தக் கணக்கில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது இதைத்தான். துல்லியமாகத் தெரியாத விலையை எழுதாமல் விட்டால், பூஜ்யம் என்று எழுதியதாகவே ஆகும்.

அதன் பிறகு 2010-இல் ஒபாமா அரசு வைத்த நடுவிலை 21 டாலர். டிரம்ப்பின் முதல் ஆட்சியில் அது 1 முதல் 7 டாலர்வரை இறங்கியது. 2021-இல் பைடன் அரசு இடைக்கால விலையாக 51 டாலர் வைத்தது. 2023-இல் சுற்றுச்சூழல் முகமை 190 டாலர் என்றது. 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் வந்ததும் இந்த விலையைத் தீர்மானித்துவந்த துறைகளுக்கு இடையிலான குழுவையே கலைத்தார்.

பதினைந்து வருடத்துக்குள் ஒரு டாலரிலிருந்து 190 டாலர்வரை! அறிவியல் அவ்வளவு தடுமாறியதா என்று கேட்கத் தோன்றும். சேதத்தைப் பற்றிய ஆய்வுகள் நிறையவே முன்னேறின, அது உண்மை. ஆனால் இறக்கத்துக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: அமெரிக்க எல்லைக்குள் நடக்கும் சேதத்தை மட்டும் எண்ணியது, வருங்கால நஷ்டத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதத்தை ஏற்றியது. ஏற்றத்தின் பெரும்பகுதிக்கும் தள்ளுபடி விகிதம்தான் காரணம்.

படி 4: தள்ளுபடி விகிதம். இங்கே நிதானமாக நில்லுங்கள்

‘நாளை கிடைக்கும் பலாக்காயைவிட இன்று கிடைக்கும் களாக்காய் மேல்’ என்பார்கள். தள்ளுபடி விகிதம் அதையே எண்ணில் சொல்கிறது. 100 வருடம் கழித்து நடக்கப்போகும் 1,000 ரூபாய் நஷ்டத்துக்கு இன்று எத்தனை ரூபாய் மதிப்பு?

2 சதவீதம் என்று வைத்தால் சுமார் 138 ரூபாய். 3 சதவீதம் என்றால் 52. 5 சதவீதம் என்றால் 8 ரூபாய்கூட இல்லை. 7 சதவீதம் என்றால் 1 ரூபாய் 15 காசு.

இந்த நான்கு எண்களையும் உங்கள் எக்செல்லில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். வாய்பாடு எளிது: 1,000-ஐ (1 + விகிதம்) என்பதன் 100-ஆவது அடுக்கால் வகுக்க வேண்டும். 7 சதவீதத்தில், 100 வருடம் கழித்து வரும் 1,000 ரூபாய் நஷ்டத்தைத் தடுக்க இன்று ஒரு டீ செலவுகூடச் செய்ய வேண்டாம் என்று கணக்கு சொல்லிவிடும். தெர்மாமீட்டரோ செயற்கைக்கோளோ சொல்லும் விஷயம் இல்லை இது. பிறக்காத ஒரு குழந்தையின் நஷ்டத்தை நம் நஷ்டத்துக்குச் சமமாக எண்ணுவோமா என்ற கேள்விக்கு நாம் சொல்லும் பதில்.

பொருளாதார அறிஞர்களே இதில் ஒத்துப்போவதில்லை. 1928-லேயே கேம்பிரிட்ஜ் கணித மேதை பிராங்க் ராம்சே, பின்னால் வருபவர்களின் நலனைக் காலத்தைக் காரணம் காட்டிக் குறைப்பது அறத்துக்கு ஒவ்வாது என்று எழுதினார். 2006-இல் பிரிட்டிஷ் அரசுக்காக நிக்கோலஸ் ஸ்டெர்ன் தயாரித்த அறிக்கை சுமார் 1.4 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, உடனே பெரிய அளவில் நடவடிக்கை வேண்டும் என்றது. நார்ட்ஹாஸ் சந்தையில் உள்ள வட்டியை ஒட்டி அதைவிட மிக அதிக விகிதத்தை வைத்தார், படிப்படியாகப் போகலாம் என்ற முடிவுக்கு வந்தார். சந்தையில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்களோ அதையே கணக்கிலும் வைக்க வேண்டும் என்பது அவர் பக்க வாதம். இன்றைக்கு முதலீடு செய்தால் நாளைய தலைமுறை பணக்காரர்களாக இருப்பார்களே என்பதும் அதில் அடக்கம். எனக்கு அதில் பாதிதான் ஒப்புதல். நாளைய தலைமுறை சராசரியில் பணக்காரர்களாக இருக்கலாம். சேதம் விழப்போவது சராசரி மனிதன்மேல் இல்லையே.

அமெரிக்க முகமையின் 2023 கணக்கில் 2020-இல் வெளியான டன்னுக்கு மூன்று விலைகள் உண்டு: 2.5 சதவீதத்தில் 120 டாலர், 2 சதவீதத்தில் 190, 1.5 சதவீதத்தில் 340. ஒரே கணக்கு மாதிரி, ஒரே சேதம்; அரை அரை சதவீதம்தான் நகர்ந்திருக்கிறது. நீங்களும் ஒரு விலையோடு நிறுத்தாமல், தாழ்ந்தது ஒன்று, உயர்ந்தது ஒன்று என்று இரண்டு வரிசைகளாகப் போடுங்கள்.

படி 5: எந்த வருடத்து டாலர், எந்த வருடத்து டன்?

உலக வங்கி ‘சரிசெய்யப்பட்ட நிகர சேமிப்பு’ என்ற கணக்கில் ஒரு நாட்டின் சேமிப்பிலிருந்து கரியமில வாயுச் சேதத்தைக் கழித்துக் காட்டுகிறது. அதில் பயன்படுத்திய விலை டன்னுக்கு 40 டாலர். 2020-இல் வெளியாகும் டன்னுக்கு, 2017-ஆம் வருடப் பணத்தில். இங்கே இரண்டு வருடங்கள் இருப்பதைக் கவனியுங்கள்.

பணத்தின் வருடம் பணவீக்கத்துக்கானது. 2017-இன் 40 டாலர் 2020-இல் சுமார் 42 டாலர். மேலே சொன்ன 190, 2020-ஆம் வருடப் பணத்திலேயே இருக்கிறது. இப்போது இரண்டும் ஒரே பணத்தில் வந்துவிட்டன.

டன்னின் வருடம் வேறு காரணத்துக்காக. ஏற்கெனவே சூடான உலகத்தில் சேரும் ஒரு டன், சூடாகாத உலகத்தில் சேரும் டன்னைவிட அதிகச் சேதம் செய்யும். பொருளாதாரமும் வளர்வதால் இழக்கக்கூடியதும் அதிகம். அமெரிக்க முகமையின் பட்டியலில் 2020-இன் டன் 190 டாலர், 2030-இன் டன் 230, 2050-இன் டன் 310. வருடத்துக்குத் தோராயமாக 1.5 முதல் 2 சதவீத ஏற்றம். 1990-இன் டன்னுக்கு 2020-இன் விலையைப் போட்டால் பழைய வருடங்களின் பாரம் மிகையாகும். பின்னோக்கிப் போக வருடத்துக்கு 2 சதவீதம் குறைத்துக்கொள்வது ஏற்கத்தக்க எளிய வழி. இது என் தேர்வு, நீங்கள் வேறு வைக்கலாம், வைத்ததை எழுதிவிடுங்கள்.

அப்படிக் குறைத்தால் 42 டாலர் என்பது 2010-க்கு 34, 2000-க்கு 28, 1990-க்கு 23 டாலர் ஆகும்.

படி 6: பெருக்குங்கள், கூட்டுங்கள்

1990: 58 கோடி டன் × 23 = 1,334 கோடி டாலர்.
2000: 98 கோடி டன் × 28 = 2,744 கோடி டாலர்.
2010: 168 கோடி டன் × 34 = 5,712 கோடி டாலர்.
2020: 240 கோடி டன் × 42 = 10,080 கோடி டாலர்.

முப்பது வருடத்தில் உமிழ்வு நான்கு மடங்குக்குச் சற்று மேல் ஆனது. சேதமோ ஏழரை மடங்கு. டன்னும் கூடியது, டன்னின் விலையும் கூடியது. இரண்டும் பெருகியதால் வந்த வேகம் இது. உமிழ்வின் வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரி போட்டுக் கூட்டுவதே சரியான வழி. அவசரத்துக்கு, இரண்டு பத்தாண்டுப் புள்ளிகளின் சராசரியைப் பத்தால் பெருக்கலாம். மூன்று பத்தாண்டுகளுக்கும் அப்படிக் கூட்டினால் சுமார் 1.4 லட்சம் கோடி டாலர். 190 டாலர் விலையை அடிப்படையாக வைத்தால் சுமார் 6.4 லட்சம் கோடி டாலர்.

ரூபாய்க்கு மாற்றுவதைக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொரு வருடமும் அந்தந்த வருட மாற்று விகிதத்தில் மாற்றினால் ரூபாயின் சரிவெல்லாம் புகையின் சேதம்போலத் தோன்றும். 2020-இன் சராசரி விகிதம் டாலருக்கு சுமார் 74 ரூபாய். அந்த ஒரு வருடத்தின் கணக்கு தாழ்ந்த விலையில் சுமார் 7.5 லட்சம் கோடி ரூபாய், உயர்ந்த விலையில் 33.7 லட்சம் கோடி. ஒப்பிட்டுப் பார்க்க: 2020-21 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு மதிப்பீடு 30.42 லட்சம் கோடி.

விடையை வேறு வழியில் வந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. டார்ட்மத் கல்லூரியின் கிறிஸ்டோபர் கால்லஹனும் ஜஸ்டின் மான்கினும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு வருங்காலத்தைத் தொடவே இல்லை. 1990 முதல் 2014 வரை ஏற்கெனவே நடந்துவிட்ட வருமான இழப்பை மட்டும் பார்த்தது. அமெரிக்கா, சீனா ஒவ்வொன்றின் உமிழ்வாலும் உலகம் இழந்தது 1.8 லட்சம் கோடி டாலருக்கு மேல். இந்தியா, ரஷ்யா, பிரேசில் ஒவ்வொன்றாலும் 50,000 கோடி டாலருக்கு மேல். அது நடந்து முடிந்த சேதம், நம்முடையது வரப்போவதையும் சேர்த்தது. ஆகவே இரண்டையும் கூட்டக் கூடாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டுமே.

படி 7: எதால் வகுக்கிறீர்கள்?

பெரும்பாலான வரைபடங்கள் சேதத்தை நாட்டின் வருமானத்தில் இத்தனை சதவீதம் என்றுதான் காட்டும். 2020-இல் இந்தியாவின் ஜிடிபி சுமார் 2.67 லட்சம் கோடி டாலர். 10,080 கோடியை அதால் வகுத்தால் 3.8 சதவீதம். அதே விலையில் அமெரிக்காவின் 470 கோடி டன்னுக்கு 19,740 கோடி டாலர். அவர்களின் ஜிடிபி சுமார் 21.3 லட்சம் கோடி. 0.9 சதவீதம்தான். பார்த்தவுடன் இந்தியாதான் நான்கு மடங்கு குற்றவாளி என்று தோன்றும்.

இப்போது தலைக்கு வகுத்துப் பாருங்கள். இந்தியருக்கு 1.7 டன், 72 டாலர். அமெரிக்கருக்கு 14 டன், சுமார் 600 டாலர். எட்டு மடங்கு, எதிர்ப்பக்கம்.

தொழிற்புரட்சியிலிருந்து 2022 வரை சேர்த்த மொத்த டன்னையும் பார்க்க வேண்டும். உலகம் முழுவதும் சுமார் 1.77 லட்சம் கோடி டன். அதில் அமெரிக்கா சுமார் 42,000 கோடி, இந்தியா சுமார் 6,000 கோடி. பிரிட்டன் இந்தியாவைவிடப் பல மடங்கு சிறிய நாடு, ஆனாலும் அதன் பங்கு இந்தியாவைவிட அதிகம்.

ஜிடிபி சதவீதம் பொய் சொல்வதில்லை. ஒரு டாலர் உற்பத்திக்கு எவ்வளவு புகை என்பதை அது சரியாகவே காட்டுகிறது, நிலக்கரியை நம்பும் நாடுகளுக்கு அதில் கற்க வேண்டியது உண்டு. ஆனால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதைப் பதிலாக நீட்டினால் ஏழை நாடுகளுக்குச் செய்யும் அநியாயம். மூன்று எண்களையும் ஒரே பக்கத்தில் போடுங்கள்.

கணக்கில் சேராதவை

நிலக்கரி எரியும்போது கரியமில வாயுவோடு நுண்துகள்களும் வருகின்றன. 2019-இல் இந்தியாவில் காற்று மாசால் சுமார் 16.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும், அந்த வருடப் பொருளாதார இழப்பு ஜிடிபியில் சுமார் 1.4 சதவீதம் என்றும் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அது இந்தப் பட்டியலில் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்ததும் இல்லை. தனி வரிசையாக எழுதுங்கள், கரியமில வாயுவின் கீழே சேர்க்காதீர்கள்.

கடல் அமிலமாவது, உயிரினங்கள் அழிவது போன்ற பலவற்றுக்கு 190 டாலர் கணக்கில்கூட விலை வைக்கப்படவில்லை. அந்த வகையில் உயர்ந்த எண்ணும் உச்சவரம்பு இல்லை.

யார் எவ்வளவு கட்டினார்கள் என்ற ஒரு வரியும் சேர்க்கலாம். இந்தியா 2010-இல் ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாய் மேல்வரி போட்டது. 2016-இல் அது 400 ரூபாய் ஆனது. ஒரு டன் இந்திய நிலக்கரி எரிந்தால் தோராயமாக ஒன்றரை டன் கரியமில வாயு. அதாவது டன் வாயுவுக்கு 270 ரூபாய்கூட இல்லை, 2020 விகிதத்தில் மூன்றரை டாலர் சொச்சம். நாம் போட்ட தாழ்ந்த விலையே 42. 2017-இல் அந்த வரி ஜிஎஸ்டி இழப்பீட்டோடு இணைக்கப்பட்டது, 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டு நிலக்கரியின் ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனது.

தாளைப் பராமரிப்பது

ஒரு வரிக்கு ஒரு வருடம். பத்திகள்: டன், தாழ்ந்த விலை, உயர்ந்த விலை, இரண்டின் பெருக்கல், ஜிடிபி, மக்கள்தொகை. மேலே தனிக் கட்டத்தில் தள்ளுபடி விகிதம், பணத்தின் வருடம், வருடாந்திர ஏற்றம், மாற்று விகிதம் ஆகியவற்றை எழுதி, எல்லா வாய்பாடும் அந்தக் கட்டத்தையே பார்க்கும்படி செய்யுங்கள். அப்போது யாராவது ‘இதை 3 சதவீதத்தில் காட்டு’ என்றால் விகிதத்தையும் அதற்குரிய விலையையும் மாற்றினால் போதும். விகிதத்தை மட்டும் மாற்றிவிட்டு 190-ஐ அப்படியே விடுவது அடிக்கடி நடக்கும் தவறு, ஏனென்றால் 190-க்குள் 2 சதவீதம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

குளோபல் கார்பன் புராஜெக்ட் வருடக் கடைசியில், ஐநா காலநிலை மாநாடு நடக்கும் நாட்களையொட்டி, புதிய கோப்பு வெளியிடும். அதில் புதிய வருடம் மட்டும் சேர்ந்திருக்காது. பழைய வருடங்களின் எண்களையும் திருத்தியிருப்பார்கள். ஆகவே கடைசி வரியை மட்டும் ஒட்டாமல், டன் பத்தி முழுவதையும் புதிதாக எடுத்துப் போடுங்கள்.